வெட்டாமல் வைத்த கல்யாணம்

"அழிக்க மாட்டேன்" என்று நான் சொன்னதும் எங்கள் ஸ்டூடியோ முதலாளி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டு, "ஏன் அம்மிணி, அது என்ன உன்ற ஊட்டுக் கல்யாணமா?" என்றார்.

என் வீட்டுக் கல்யாணம் இல்லைதான். என் கல்யாணத்துக்கு வீடியோவே எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த கேமராக்காரர் கோத்தகிரி மழையைப் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறவே இல்லை. அதனால்தானோ என்னவோ, ஊரார் கல்யாணத்தையெல்லாம் பார்க்கிற வேலை எனக்கு வாய்த்தது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே போகிற ரோட்டில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது ஸ்டூடியோ. ஒன்பது வருஷமாக அங்கே எடிட்டிங் செய்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், செல்போனில் பார்த்துப் பார்த்து, தப்புச் செய்து தப்புச் செய்து கற்றுக்கொண்டேன். "முங்காம நீச்சல் படிச்சவன் எவனுமில்ல" என்பார் கீழே பேக்கரி அண்ணன். அவர் பன்னோடு சேர்த்து இப்படி ஒரு வார்த்தையும் தருவார். இரண்டையும் நான் மிச்சம் வைப்பதில்லை.

முதலாளி அழிக்கச் சொன்னது ஒரு எஸ்டேட் கல்யாணத்தை, தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் நடந்ததை. காரணம், கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது. புதன்கிழமை காலையில் திறந்தால் டிஸ்க்கின் அளவைக் காட்டுகிற நீலக் கோடு சிவப்பாகிக் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மிச்சம் இருபது ஜிபி. சனிக்கிழமை குன்னூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பெங்களூர்க்காரர்களின் பெரிய கல்யாணம். நான்கு கேமரா, ஒரு ட்ரோன். அன்று சாயங்காலம் மெமரி கார்டுகள் வந்து இறங்கும். குறைந்தது ஐந்நூறு ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

"புது ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கிரலாங்ணா" என்றேன்.

"பழைய குப்பைக்குப் புதுப் பெட்டியா? லைன் ஊட்டுக்காரங்க ஃபைல் எல்லாம் எதுக்கு இன்னும்? பென்டிரைவ்ல வாங்கிட்டுப் போயிட்டாங்க, முடிஞ்சுது. அதுலயும் அந்த ஒண்ணு, இருநூத்தி முப்பது ஜிபி, பத்து மாசமா அசையாம கெடக்குது. வந்து வாங்கவும் இல்ல. அத மொதல்ல தூக்கு."

அந்த ஒன்று அசையாமல் கிடந்ததற்குக் காரணம் இருந்தது.

எஸ்டேட் கல்யாணத்தை நாங்கள் மட்டும் உட்கார்ந்து வெட்ட முடியாது. எடுத்த படம் முழுவதையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவோம். ஒரு லீவு நாளில் பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி என்று நான்கு பேர் வந்து, எனக்குப் பின்னால் கிடக்கிற பெஞ்சில் உட்காருவார்கள். "இவுங்க வரணும். அந்தா, அந்த நீலச் சேலை, அவுங்கள விட்டுறாத, நாளைக்குப் பைப்படியில மூஞ்சி குடுத்துப் பேச முடியாது. இவன் குடிச்சிட்டு ஆடுறதை வெட்டிரு." "வெட்டாத, அவன் பொண்டாட்டி பாத்துச் சிரிக்கட்டும்." இப்படி அவர்கள் சொல்லச் சொல்ல நான் வெட்டுவேன். ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்கிட்டு வாழ்கிறவர்கள். வீடியோவில் ஒரு முகம் விட்டுப்போனால் அடுத்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ரிசார்ட்காரர்கள் மூன்று நிமிஷப் படம் கேட்பார்கள். இவர்களுக்கு மூன்று மணி நேரமும் போதாது.

அந்தக் கல்யாணம் முடிந்த பதினோராம் நாள், பெண்ணின் பெரியப்பா இறந்துவிட்டார். அடுத்த வாரம் பெண்ணின் அம்மா மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்தார். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். இன்றைக்கும் லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்வார்.

"புள்ள, எங்க லயத்துல துக்கம். வருசம் முடியுற வரைக்கும் கல்யாணப் படத்தப் பாக்கக் கூடாது, வீட்டுக்குள்ள கொண்டுபோகவும் கூடாது. நீ எடுத்து வச்சிரு. நாங்க வந்து குந்திப் பாக்காம ஒண்ணையும் வெட்டிப்புடாத, சரியா?"

"சரிங்கம்மா, வச்சிருக்கேன்" என்றேன்.

நான் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. வேறு எங்கேயும் அந்தப் படத்துக்குப் பிரதி இல்லை. கார்டுகளில் அதற்கப்புறம் எத்தனையோ காதுகுத்து, வளைகாப்பு ஏறி இறங்கிவிட்டன. அந்தப் பெண் கல்யாணமானதற்கு அசையும் சாட்சி எங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் கேமரா அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரவும் பகலும் பல்பு எரிய விடுவாரே, அந்த அக்கறை மனுஷர்களிடமும் கொஞ்சம் உண்டு. ஆனால் ரிசார்ட் என்றதும் அவருக்குக் கண் கட்டிவிடும்.

"சரி, நீயே தோராயமா வெட்டி ஒரு மணி நேரத்துக்கு அவுட்புட் எடுத்து வச்சிட்டு, மிச்சத்த அழிச்சிரு. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

"அவங்களுக்குத்தாங்ணா தெரியும். எனக்குத்தான் யார் யாருன்னு தெரியாது."

"சனிக்கிழம சாயங்காலம் எனக்கு எடம் வேணும். எப்படி வரும்னு சொல்லு."

"வரும். யாரோட ஃபைலையும் தொடாம ஐந்நூறு ஜிபி எடுத்துத் தரேன். முடியலீன்னா என்னைக் கேளுங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அப்போது ஒரு வழியும் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை என் கண் முன்னால் நடக்கக் கூடாது என்ற பிடிவாதம் மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எங்கள் பக்கத்து கண்டக்டருக்கு எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒரே பாட்டுத்தான். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடமிருக்குது." படியில் தொங்குகிறவர்கள் திட்டுவார்கள். ஆனால் உள்ளே நகர்ந்து பார்த்தால் நடுவில் உண்மையாகவே இடம் இருக்கும். எல்லோரும் ஏறின இடத்திலேயே நிற்பதால் வருகிற நெரிசல் அது. எனக்கு உறைத்தது. நானும் முதலாளியும் கல்யாணப் பெயர் எழுதின ஃபோல்டர்களை மட்டுமே முறைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் ஆச்சரியம் அங்கேயே காத்திருந்தது. எந்தக் கல்யாணத்தின் பெயரும் இல்லாத ஒரு ஃபோல்டர், நூற்றெழுபது ஜிபி. எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்குத்தானே சேர்த்துவைத்தது. படம் சிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, நாம் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுபிடிப் பிரதியை அதுவே செய்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் கேஷ். வேலை முடிந்தாலும் துடைப்பதில்லை. ஒன்பது வருஷமாக அந்த வார்த்தையைத் திரையில் பார்த்திருக்கிறேன், தொடப் பயந்திருக்கிறேன். தெரியாத ஒயரில் கை வைக்காதே என்று வளர்ந்தவள்.

முதலில் ஒரு பழைய காதுகுத்தின் கேஷை மட்டும் அழித்தேன். திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் திணறிவிட்டு, வேண்டியதைத் தானே மறுபடியும் செய்துகொண்டு ஓடியது. குழந்தை அழுதது, மாமன் மடியில் பிடித்திருந்தான், எல்லாம் அப்படியே இருந்தது. மூலப் படத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவுதானா என்று மிச்சத்தையும் துடைத்தேன். யாருடைய முகமும் குறையாமல் நூற்றெழுபது ஜிபி கிடைத்துவிட்டது.

அடுத்தது என் குற்றம். முடித்த படங்களைத் திருத்தத் திருத்த நான் விட்டுவைத்திருந்த பிரதிகள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஓகே', 'ஃபைனல் அம்மா சொன்னது'. ஒரு கல்யாணத்துக்கு 'ஃபைனல் மாமா இல்லாம' என்று ஒன்று, 'ஃபைனல் மாமாவோட' என்று ஒன்று. மண்டபத்தில் சண்டை போட்டு, மூன்றாம் மாதம் சமாதானமானவர்கள். வீட்டார் கடைசியாக வாங்கிப்போன பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். மாமா இருக்கட்டும். தொண்ணூறு ஜிபி.

மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் என்று நிமிஷத்துக்கொரு தரம் தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்தேன். அதுதான் இடத்தைத் தின்றிருக்கும் என்று ஆவலோடு போனேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தும் ஒரு ஜிபி தேறவில்லை. சத்தம் போடுகிற கூட்டத்துக்கு எடையே இருக்காது போலிருக்கிறது.

முதலாளி மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். "எவ்வளவு?"

"இருநூத்தி அறுபது."

"அந்த இருநூத்தி முப்பதத் தூக்கியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சுதான் இருக்கும்" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை நான் நம்பியிருந்தது எங்கள் வெயிலை. இந்த மலையில் கல்யாணத்தன்று வெயில் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் படத்தின் முதல் காட்சியாக, தேயிலைச் சரிவிலிருந்து மூடுபனி விலகி வெயில் விழுவது வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு தை மாதக் காலையில் முதலாளி ட்ரோனில் அதை அழகாகப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து யார் கல்யாணமானாலும் அதே வெயில்தான். கொட்டுகிற மழையில் தாலி கட்டியவர்களுக்கும் அதே வெயில். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு ஜிபி ஃபைலைப் புது ஃபோல்டருக்குள் பிரதி எடுத்துப் போடுவது என் வழக்கம். ஒன்றை ஓரிடத்தில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதே இல்லை. குழாய் ஒன்று இருக்க, வீட்டுக்கு வீடு ஆற்றையே மொண்டுபோய் வைத்த மாதிரி.

ட்ரோன் தானாக வைத்த நம்பர்தான் அந்த ஃபைலின் பெயர், அதைப் போட்டுத் தேடினேன். இருபத்தேழு இடத்தில் வந்தது. ஒன்றை மட்டும் தனியாக வைத்துவிட்டு, இருபத்தாறையும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். எல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. அங்கே இருக்கும்வரை இடம் காலியாகாது. தொட்டியைக் கவிழ்த்தால்தான் உண்டு, கவிழ்த்துவிட்டால் திரும்ப வராது. கவிழ்க்கப் போனேன். அது "நிச்சயமா?" என்று கேட்டது. எப்போதும் கேட்பதுதான். நாமும் எப்போதும் படிக்காமல் ஆமாம் என்பதுதான்.

அன்று என்னவோ பட்டியலை ஒருமுறை ஓட்டினேன். எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியிருந்தது. பத்தொன்பதாவது வரியில் அந்தத் துக்க வீட்டுக் கல்யாணத்தின் ஃபோல்டர்.

அந்தப் படத்தை நான் இன்னும் வெட்டவே ஆரம்பிக்கவில்லை. வெட்டாத படத்துக்குள் வெயில் எப்படி வந்தது?

கை மவுஸை விட்டுத் தானாக விலகியது. வெயில் ஃபைலின் அளவு ஆறு ஜிபி. இது நாலே முக்கால். திரும்ப எடுத்துத் திறந்தேன். லயத்திலிருந்து கோவிலுக்குப் பெண்ணை அழைத்துப் போகிற ஊர்வலம், மேலேயிருந்து. தூறல் தொடங்குகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. கார்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுக்கும்போது ட்ரோன் முதலிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. அதனால் வெயிலுக்கும் ஊர்வலத்துக்கும் ஒரே நம்பர். யாரோட ஃபைலையும் தொட மாட்டேன் என்று மார்தட்டியவள், காக்க வேண்டிய அந்தக் கல்யாணத்திலேயே கை வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தால் ஊர்வலம் முழுவதும் போயிருக்கும். அந்த அம்மா முன்னால் நான் பெஞ்சில்கூட உட்கார முடியாது.

கீழே போய் டீ குடித்தேன். பேக்கரி அண்ணன் முகத்தைப் பார்த்தே, "என்ன அம்மிணி, கரண்ட் கிரண்ட் அடிச்சுதா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே பேருன்னா ஒரே ஆளா? எங்க தெருவுல நாலு பேருக்கு ஒரே பேரு. ஒருத்தன் வாங்கின கடனுக்கு இன்னொருத்தன் கதவத் தட்டுவாங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போயி ஒவ்வொண்ணாத் தொறந்து பாரு" என்றார்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மதியச் சாப்பாடு கிடையாது. மற்ற இருபத்தைந்தும் அதே வெயில்தான் என்று கண்ணால் பார்த்த பிறகு தொட்டியைக் கவிழ்த்தேன். நூற்றைம்பது ஜிபி. பழைய படங்களைத் திறந்தபோது வெயில் இருந்த இடத்தில் ஃபைலைக் காணோம் என்று சிவப்புத் திரை காட்டியது. தனியாக வைத்திருந்த அந்த ஒன்றின் இருப்பிடத்தை ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் மிச்சமிருந்த இருபதையும் சேர்த்து நானூற்று முப்பது கையில் இருந்தது. எழுபது குறைகிறது.

எழுபது எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். சனிக்கிழமை காலைவரை வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் வந்ததும், "ஏனுங்ணா, இப்படி வந்து பெஞ்சில உக்காருங்க" என்றேன்.

"எனக்கு எதுக்கு பெஞ்சு?"

"உங்க ஃபைலு. நீங்க பாக்காம நான் வெட்ட மாட்டேன்."

'டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர். எண்பத்தைந்து ஜிபி. ட்ரோன் வாங்கின புதிதில் அவர் பறக்கவிட்டுப் பழகியது. திறந்தேன். அவர் வீட்டு மொட்டை மாடி. காயப்போட்ட வேட்டி. அவர் கார். மறுபடி மொட்டை மாடி. ரிமோட்டைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிற அவர். ட்ரோன் ஒரே இடத்தில் நின்று இருபது நிமிஷம் எடுத்த அதே மாடி. மேலேயிருந்து அவருடைய வழுக்கை, தேயிலைக்கு நடுவே பாறை தெரிகிற மாதிரி தெரிந்தது.

"சிரிக்காத."

"நான் சிரிக்கலீங்க. இவுங்க வரணுமா, வேண்டாமான்னு சொல்லுங்க."

"இது என்ற மொத ட்ரோன் ஷாட்டு அம்மிணி. ஒரு ஞாபகத்துக்கு..."

"ஞாபகந்தானுங்க எல்லாமே. வேட்டி காயறது ஞாபகம்னா, அந்தப் பொண்ணு கோயிலுக்குப் போறது என்னது?"

நான் விடவில்லை. மூன்று நாளாக என்னிடம் "தூக்கு தூக்கு" என்றவர், தன்னுடைய கொடியில் தொங்குகிற வேட்டியைத் தூக்க அரை மணி நேரம் யோசித்தார். கடைசியில் மவுஸை என் கையிலிருந்து வாங்கி, கார் இருக்கிற இரண்டு நிமிஷத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை அவரே அழித்தார். தொட்டியையும் அவரே கவிழ்த்தார். "நிச்சயமா?" என்று கேட்டபோது என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சாயங்காலம் ரிசார்ட் கார்டுகள் வந்தன. ஏற்றினேன். நெருக்கித் திணிக்க வேண்டியிருந்தது, ஆனால் பிடித்தது. சிவப்புக் கோடு மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு லைன் வீட்டுக் கல்யாணமும் குறையவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வருஷம் முடிந்து அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அம்மா, அவருடைய தங்கைமார் இருவர், கையில் குழந்தையோடு அந்தப் பெண். கல்யாணத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது என்று சித்திமார்கள் அவளைக் கிண்டல் செய்துகொண்டே மாடியேறினார்கள். "நீதான் முந்திக்கிட்டியே புள்ள, இன்னும் படம் என்னத்துக்கு?"

பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதலாளி கீழேயிருந்து அவர்களுக்கு டீ வாங்கி வந்தார். எஸ்டேட்காரர்களுக்கு அவர் கையால் டீ கொண்டுவந்து நான் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எத்தனையோ பேரு ஃபைலெல்லாம் போயிருச்சுங்கம்மா. உங்களுத மட்டும் பத்தரமா வச்சிருந்தேன். கம்ப்யூட்டர்ல எடமே இல்ல, ஆனாலும் விடல."

உண்மை எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. பெரிய மனுஷர், சம்பளம் கொடுக்கிறவர், போகட்டும் என்று விட்டுவிடுகிற பழக்கம்தான் ஊரில் எல்லோருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அன்று விட்டுவிட்டால், அடுத்த தடவை டிஸ்க் நிறையும்போது அவரே சொன்ன கதையை அவரே நம்பிக்கொண்டு முதலில் இவர்கள் வீட்டில்தான் கை வைப்பார்.

"அம்மா, அண்ணன் அழிக்கத்தான் சொன்னாருங்க" என்றேன். "நாந்தான் முடியாதுன்னேன். அதுலயும் நானே ஒரு தடவ தப்பா அழிக்கப் பாத்தேன். ஊர்வலம் போயிருக்கும். பாத்துட்டுத் திரும்ப எடுத்துட்டேன். இருக்குது, எல்லாம் முழுசா இருக்குது."

டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. முதலாளியின் முகம் எப்படிப் போயிற்று என்று நான் எழுதப் போவதில்லை.

பெண்ணின் அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாய் டீயை நிதானமாகக் குடித்தார். "சொன்னது சொன்னவரோட. வச்சது வச்சவளோட" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "ஐயா, இனிமே எங்க லயத்து ஆளுங்க படத்த அழிக்குறதுன்னா, ஆளவிட்டுக் கேட்டுட்டு அழிங்க. வேண்டாம்னா நாங்களே சொல்லிருவோம். எங்களுக்கு வாய் இருக்குதில்ல?" என்றார்.

"சரிங்கம்மா" என்றார் முதலாளி. மூன்று நாள் நான் மல்லுக்கட்டி வாங்க முடியாத வார்த்தை.

"அப்ப போடு புள்ள."

போட்டேன். இறந்துபோன பெரியப்பா ஓரிடத்தில் வந்தார், அதுவும் முதுகுதான் தெரிந்தது. பந்தியில் யாரையோ எழுப்பி வேறு இலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்தது, பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கேமராவை மறைத்துக்கொண்டு ஆடுகிறார்.

"இவர வெட்டவாங்கம்மா?"

"வெட்டாத" என்றாள் குழந்தையோடு இருந்த பெண். "அது என் மாமனார்."